‘அஸ்கான்ஸ்’ என்றால் ஓரக்கண்ணால் பார்ப்பதா?

ஆங்கிலத்தில் ‘லுக் அஸ்கான்ஸ்’ (look askance) என்பதற்குப் பொருள் என்ன, வாக்கியத்தில் எப்படி எழுதுவது என்பது கேள்வி.

அகராதியில் ‘ஓரக்கண்ணால்’, ‘கடைக்கண்ணால்’ என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழில் ஓரக்கண் பார்வை பெரும்பாலும் நாணம், காதல். குறள் 1095இல் தலைவி காதலனை நேரே பார்க்காமல், ஒரு கண்ணைச் சுருக்கியவள் போலப் பார்த்து மகிழ்கிறாள்; ‘சிறக்கணித்தாள் போல நகும்’ என்கிறார் வள்ளுவர். கடைக்கண் என்றாலோ அருள். அபிராமியின் கடைக்கண்கள் தனமும் கல்வியும் தரும் என்றல்லவா பாடுகிறோம்! அஸ்கான்ஸில் இவை எதுவும் கிடையாது. ‘இது சரியாகப் படவில்லையே’ என்ற சந்தேகம், அல்லது பிடிக்காமை, அவ்வளவுதான்.

அதற்கு மிக நெருக்கமான தமிழ் நம் வாயிலேயே இருக்கிறது: ‘ஒரு மாதிரியாகப் பார்த்தார்.’ காசோலையில் உள்ள கையெழுத்தைப் பார்க்கிறார் வங்கி அதிகாரி. கணினியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிறார். ‘ர’வின் கால் வேறு மாதிரி வளைந்திருக்கிறது. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி எதிரே நிற்பவரைப் பார்க்கிறார். அந்தப் பார்வைதான் அஸ்கான்ஸ். ஆங்கிலத்தில், ‘தி ஆபீசர் லுக்ட் அஸ்கான்ஸ் அட் தி கஸ்டமர்.’

இலக்கணத்தில் இது வினையடை. ‘லுக்’ என்ற வினையோடுதான் அதிகம் வரும். ‘ஐ’ (eye), ‘வியூ’ (view) ஆகிய வினைகளோடும் வரலாம். ‘லுக்’கோடு வந்தால், யாரை அல்லது எதை என்று சொல்லும்போது ‘அட்’ கட்டாயம். பலர் விடுவது இந்த ‘அட்’டைத்தான். ஏற்கெனவே வினையடை என்பதால் ‘அஸ்கான்ஸ்லி’ என்று வால் சேர்க்கக் கூடாது. ‘வித் அஸ்கான்ஸ்’ என்பதும் தவறு. ‘ஆன் அஸ்கான்ஸ் லுக்’ என்று பெயரடையாக்குவதைத் தேர்வுத்தாளில் தவிர்த்துவிடுங்கள்.

கண் உண்மையிலேயே பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்பதும் இல்லை. முதலீட்டாளர்கள் ஒரு திட்டத்தை ‘லுக் அஸ்கான்ஸ்’ செய்தார்கள் என்றால், அதை அவர்கள் நம்பவில்லை என்று பொருள். அங்கே ‘சந்தேகக் கண்ணோடு பார்த்தனர்’ என்று மொழிபெயர்த்தால் போதும், ஓரத்தை விட்டுவிடலாம்.

உச்சரிப்பு: அழுத்தம் இரண்டாம் அசையில். ‘டான்ஸ்’ போலத்தான், பிரிட்டனில் பெரும்பாலும் அஸ்கான்ஸ், அமெரிக்காவில் அஸ்கேன்ஸ். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கும் சொல், ஆனால் எங்கிருந்து வந்தது என்பதில் சொல்லாய்வாளர்களிடம் முடிவு இல்லை.

பேச்சிலும் சமூக ஊடகத்திலும் இதே வேலையைச் செய்வது ‘சைடு ஐ’ (side-eye). மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2017இல் இதைச் சேர்த்தது. ‘கிவ் சம்ஒன் தி சைடு ஐ’ என்று பெயராகவும், ‘ஷி சைடு ஐடு ஹிம்’ என்று வினையாகவும் வரும். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் இது பொருந்தும். அலுவலக அறிக்கையிலோ தலையங்கத்திலோ அஸ்கான்ஸ்தான் பொருந்தும். வெறுமனே பக்கவாட்டில் பார்த்தார், சந்தேகம் ஏதும் இல்லை என்றால் இரண்டும் வேண்டாம், ‘சைடுலாங் கிளான்ஸ்’ என்று எழுதுங்கள்.