மழைக்குப் பின் எரர் கோடு காட்டும் பொக்லைன்: ஈசிஎம்மை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல் குவாரியில் எங்கள் 20 டன் பொக்லைன் ஓடுகிறது. ஜூன் மழை தொடங்கியதிலிருந்து, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்ஜினின் இழுவை குறைந்து, மானிட்டரில் மூன்று நான்கு எரர் கோடுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சிறிது நேரம் சரியாக ஓடுகிறது. ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஈசிஎம் ஒன்றை வாங்கிப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். மழைக்குப் பின் தொடங்கியது, பல கோடுகள் சேர்ந்தே வருவது, சாவியை அணைத்தால் மறைவது ஆகிய மூன்றும் பெட்டிக்கு உள்ளே இருக்கும் பழுதைவிட, அதற்கு வந்து சேரும் கரண்ட், எர்த், ஒயரிங் ஆகியவற்றின் பழுதையே பெரும்பாலும் காட்டுகின்றன. ஈசிஎம்மைக் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதாலேயே பலரும் அதில் தொடங்கி, பணம் போன பிறகு அதே கோடுகளைத் திரும்பவும் பார்க்கிறார்கள்.

முதலில் கோடுகளை அழிக்காமல் அப்படியே எழுதி வையுங்கள். மானிட்டரிலோ ஸ்கேனரிலோ எஸ்பிஎன், எஃப்எம்ஐ என இரண்டு எண்கள் தெரிந்தால், முதலாவது எந்த உறுப்பு என்பதையும் இரண்டாவது எந்த வகைப் பழுது என்பதையும் சொல்லும். எஃப்எம்ஐ 3, 4, 5 ஆகியவை மின் இணைப்பைப் பற்றியவை: 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்த நிலை. எஃப்எம்ஐ 0 (அளவு மிக அதிகம்), 1 (அளவு மிகக் குறைவு) வந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, சூடு, ஆயில் பிரஷர், டீசல் பிரஷர் ஆகியவற்றை நேரில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எஸ்பிஎன் 157 டீசல் ரெயில் பிரஷரை, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தத்தைக் குறிக்கும். அதனுடன் எஃப்எம்ஐ 1 வந்தால், ஒயரைத் தொடுவதற்கு முன் டீசல் ஃபில்டரையும் தண்ணீர் பிரிப்பானையும் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் டீசலில் தண்ணீர் கலப்பதும் சாதாரணமாக நடப்பதுதான்.

அடுத்து பேட்டரி. 24 வோல்ட் தருவதற்காகத் தொடராக இணைத்திருக்கும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளையும், இன்ஜின் நின்றிருக்கும்போது தனித்தனியே அளந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்று பலவீனமாகிவிட்டது. இதற்கு நம் பக்கத்தில் அடிக்கடி காணப்படும் காரணம், கேபினில் ஃபேனும் மியூசிக் சிஸ்டமும் ஓட்டுவதற்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை இழுத்துக் கட்டுவது. அதனால் ஒரு பேட்டரி நாள்தோறும் வற்றுகிறது, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறது. அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, 24-லிருந்து 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஈசிஎம்முக்கு வரும் வோல்டேஜ் 18-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை இருப்பது நல்லது.

எர்த்தைச் சோதிக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் ஒயரைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் சுரண்டி, இறுக்கிப் போட வேண்டும். ஈசிஎம் சாக்கெட்டில் மீட்டர் 24 வோல்ட் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். சாக்கெட்டைக் கழற்றி, அதன் பாசிட்டிவ், எர்த் பின்களுக்கு இடையே 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும் அந்த பல்பு மங்கலாக எரிந்தால், கோளாறு பெட்டிக்கு வரும் வழியில்தான் இருக்கிறது. தடித்த புரோபைப் பின் துளையில் திணித்தால் துளை அகன்று புதிய பழுதொன்று உண்டாகும் என்பதால், பொருத்தமான மெல்லிய டெர்மினலையே பயன்படுத்த வேண்டும்.

உங்கள் வண்டியில் நான் மிகவும் சந்தேகப்படுவது 5 வோல்ட் லைனை. ஆயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர், ரெயில் பிரஷர் போன்ற பல சென்சார்களுக்கு ஈசிஎம்மே 5 வோல்ட் அனுப்புகிறது. பல வண்டிகளில் அவற்றில் சில ஒரே லைனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சென்சாருக்குள் தண்ணீர் புகுந்தாலோ, அதன் ஒயர் உரசி பாடியில் பட்டாலோ, லைன் முழுவதும் தாழ்ந்து, குற்றமற்ற மற்ற சென்சார்களும் எஃப்எம்ஐ 4 காட்டும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, ஒரு சென்சார் சாக்கெட்டில் அந்த வோல்டேஜை அளந்தபடியே மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டில் கிடந்த மீட்டர் எதைக் கழற்றியதும் 5-க்கு ஏறுகிறதோ, அதுவும் அதற்குப் போகும் ஒயருமே குற்றவாளிகள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஏறவில்லை என்றால் ஒயரிங் கட்டைச் சோதித்து, அதன் பிறகே பெட்டியின் மீது சந்தேகம் கொள்ளலாம்.

சாக்கெட்டுகளைத் திறக்கும்போது பின்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் சர்வீஸின்போது பிரஷர் கன்னை நேராக சாக்கெட்டில் பிடிப்பதைத் தடுத்துவிடுங்கள். களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலர்த்த வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் பின்னின் முலாம் போய்விடும். ஒயரிங் கட்டு கிளாம்பில் உரசும் இடங்களையும், பம்ப் அறையில் ஹோஸ்களுக்கு நடுவே செல்லும் பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். வயல் ஓரத்தில் நிறுத்தும் வண்டியானால் எலி கடித்த தடமும் இருக்கலாம். பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சுழலும், சூடாகும் பாகங்களிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, ஒயரிங் கட்டை ஒவ்வோர் அடியாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் கோடு வருகிறதோ, அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

கோடுகளில் எஸ்பிஎன் 639 இருந்தால் கேன் லைனையும், அதாவது கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயரையும் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, ஈசிஎம் தன் பதிவுகளை முடித்துக்கொள்ள இரண்டு நிமிடம் விட்டு, ஐசொலேட்டரை (பேட்டரியின் மெயின் சுவிட்சை) ஆஃப் செய்த பிறகு, கேன் ஹை, கேன் லோ ஒயர்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து தரும் அளவு அது. 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டரோ ஒயரோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகே வந்தால் இரண்டு ஒயர்களும் ஒட்டியிருக்கின்றன. ஜிபிஎஸ் கருவியை இந்த லைனில் வெட்டி இணைத்திருந்தால் அதை முதலில் கழற்றுங்கள்.

குவாரி வண்டி என்பதால் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கெட்டில் பல் மாற்றவோ விரிசலை அடைக்கவோ அண்மையில் வெல்டிங் நடந்ததா? ஐசொலேட்டரை ஆஃப் செய்யாமலோ, பேட்டரி நெகட்டிவையும் ஈசிஎம் சாக்கெட்டுகளையும் கழற்றாமலோ, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடிக்காமலோ வெல்டிங் செய்திருந்தால், பெட்டி உண்மையிலேயே அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்து, கருவியே பழுது என்று சொல்லும் எஃப்எம்ஐ 12 வந்தாலோ, மற்ற கன்ட்ரோலர்கள் பேசும்போது ஈசிஎம் மட்டும் ஸ்கேனருக்குப் பதில் தராமல் இருந்தாலோ, அதை மாற்றலாம். அப்போதும் பார்ட் நம்பர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. உள்ளே இருக்கும் மென்பொருள் உங்கள் இன்ஜினின் மாடலுக்கும் குதிரைத்திறனுக்கும் உரியதாக இருக்க வேண்டும். இன்ஜெக்டர்களின் மேல் குறியீட்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும் மாடல்களில் அந்த எண்களைப் புதிதாகப் பதிவேற்றவும் வேண்டும். விற்பவர் இதை எழுத்தில் உறுதி செய்து, உங்கள் இன்ஜின் சீரியல் நம்பருக்கு புரோகிராம் செய்து தருவதாக இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள். உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய ஈசிஎம்மை அவரிடம் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வையுங்கள், அதிலிருக்கும் பதிவுகள் புரோகிராம் செய்பவருக்குத் தேவைப்படலாம்.