பின்கால் தோண்டும் குழி

பேஸ்பால் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: சென்னையில் கல்லூரி நாள் வரை கிரிக்கெட் ஆடியவன் நான். என் பத்து வயது மகன் இங்கே லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் ஆடுகிறான். முன்காலை நீட்டி, முழங்காலை மடக்கி, தலையை அதன்மேல் கொண்டுவந்து அடிக்கும்படி நான் சொல்லிக்கொடுத்ததைத் தவறு என்கிறார் அவனுடைய கோச். "இடுப்பைத் திருப்பு, இடுப்பைத் திருப்பு" என்று அவர் ஓயாமல் சொல்வது எனக்கும் விளங்கவில்லை, பையனுக்கும் விளங்கவில்லை. யார் சொல்வது சரி?
*– ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி*

பதில்: உங்கள் பாடம் கிரிக்கெட்டுக்குச் சரி. கோச் சொல்வது பேஸ்பாலுக்குச் சரி. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் அதை அவர் சொல்லும் விதம் பலன் தராது.

கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழுகிறது. அது திரும்புவதற்கு இடம் கொடுக்காமல் எட்டி அடிப்பதற்காக மட்டையாளர் முன்காலைப் பந்தின் அருகே கொண்டுபோகிறார். முழங்கால் மடங்கி, தலை அதற்கு நேர் மேலே வந்து, மட்டை செங்குத்தாக இறங்குகிறது. பேஸ்பாலில் அடிக்கத் தக்க பந்து தரையைத் தொடாமல், முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டைக் கடக்கிறது. உருண்டையான பேட்டை உடம்பைச் சுற்றி வீசித்தான் அதைச் சந்திக்க முடியும். ஆகவே இங்கே முன்கால் ஒரு தடைக்கல்லைப் போல நின்றாக வேண்டும். உடம்பு, பந்தை எறியும் பிட்சரை நோக்கிச் சிறிதளவு நகர்கிறது. முன்பாதம் முதலில் நுனியாலும் பிறகு குதிகாலாலும் ஊன்றுகிறது. ஊன்றிய கால் விறைத்து நிமிரும்போது, முன்னே போய்க்கொண்டிருந்த எடைக்கு மேற்கொண்டு போக வழியில்லாமல் இடுப்பு திரும்புகிறது. இடுப்புக்குப் பின் மார்பு, மார்புக்குப் பின் கைகள், கடைசியில் பேட் என ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைவிட வேகமாகச் சுழல்கிறது. சாட்டை வீசுகிறவரின் கை நின்ற பிறகுதான் நுனி சொடுக்குகிறது அல்லவா, அதே கணக்குதான். முன் முழங்கால் மடங்கி முன்னே வழுக்கினால் அந்த வேகம் கைக்கு வந்து சேராது. தலையும் கூடவே நகர்வதால், பந்து உள்ளபடியைவிட விரைந்து வருவதாகக் கண்ணுக்குத் தோன்றும்.

இத்தனையும் நடக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. லிட்டில் லீகில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் உள்ள தூரம் 46 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து ஏறத்தாழ 0.6 நொடியில் வந்துவிடும். பெரியவர்களின் மேஜர் லீகில் தூரம் 60 அடி 6 அங்குலம், ஆனால் 95 மைல் வேகப் பந்துக்கு 0.4 நொடிதான். பந்து பாதி வழியைக் கடப்பதற்குள் முன்கால் தரையில் இருக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே கை கிளம்பிவிட்டால், பிறகு இடுப்பு எவ்வளவு திரும்பினாலும் அது வெறும் அலங்காரம்.

இடுப்பா, எடை மாற்றமா என்ற வழக்கு பேஸ்பாலிலேயே பழையது. 1941இல் .406 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 406 வெற்றி அடி என்ற கணக்கு) கண்ட டெட் வில்லியம்ஸ், இடுப்பு முந்த வேண்டும், கை பின்தொடர வேண்டும் என்று வலியுறுத்தியவர். பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றுவதே அடிப்படை என்று கற்பித்தவர் சார்லி லாவ். அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980இல் .390 எடுத்தார். எடை நகர்ந்து, முன்காலில் தடுக்கப்பட்டு, சுழற்சியாக மாறுகிறது என்று பார்த்தால் இருவரும் ஒரே இயக்கத்தின் இரு பாதிகளைப் பேசியதாகவே எனக்குப் படுகிறது.

இனி உங்கள் மகனுக்கு. "இடுப்பு" என்ற சொல்லையே ஒரு மாதம் வீட்டில் எடுக்காதீர்கள். தன் இடுப்பை நினைத்துக்கொண்டு அதைத் திருப்ப முயலும் பிள்ளை, உடம்பை மரக்கட்டைபோல் ஒரே துண்டாகத் திருப்பும். தோளும் கையும் சேர்ந்தே போய்விடும். அதற்குப் பதிலாக, "உன் பெல்ட்டின் பக்கிள் பிட்சரைப் பார்க்கட்டும்" என்று சொல்லுங்கள். பந்தை டீயின் (பந்தைத் தாங்கி நிற்கும் கம்பம்) மேல் வையுங்கள். ஸ்டிரைட் எடுத்து, அதாவது முன்காலால் எட்டு வைத்து, ஊன்றி முடித்த நிலையிலேயே, கால்கள் தோளைவிட அகலமாக விரிந்திருக்க, அவனை நிற்க வையுங்கள். மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டு அடிக்கட்டும். கால் எட்டு வைக்க வேண்டிய வேலை இல்லாததால், தரையிலிருந்து ஏறிவரும் வேகம் எது என்று அவனுக்கே தெரியும். சில நாள் கழித்து, எட்டு வைத்து, ஊன்றி, ஒரு கணம் நின்று அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள். நாளொன்றுக்கு இருபது பந்து போதும். அலுத்துப்போன பிள்ளை கையால்தான் அடிக்கும்.

கேள்வி: "பின்காலுக்கு அடியில் ஒரு பூச்சி இருப்பதாக நினைத்து அதை நசுக்கு" என்று எங்கள் அணியில் கற்றுத்தருகிறார்கள். அது தவறு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?
*– ஒரு வாசகர், இர்விங், டெக்சாஸ்*

பதில்: இந்தக் குற்றத்தை நானே பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். பூச்சி நசுக்கும் பாடத்தில் நன்மை இல்லாமலில்லை: பின்பாதத்தைத் தரையோடு தரையாக ஒட்டவைத்துக்கொண்டு கையை மட்டும் வீசும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, பாதம் திரும்பலாம் என்ற செய்தியாவது போய்ச் சேருகிறது. கேடு அதற்குப் பிறகு வருகிறது. பூச்சியை நசுக்க வேண்டுமானால் எடை அதன்மேல் இருக்க வேண்டும். அடித்து முடிக்கும்வரை பிள்ளை பின்காலிலேயே குந்தியிருக்கும். முன்காலுக்கு எடை வராததால் அங்கே தடுப்பதற்கும் ஒன்றுமில்லை. பேட் கீழிருந்து மேலே கிளறிக்கொண்டு போக, பந்து தலைக்கு மேலே எழும்பி யாராவது ஒருவர் கையில் விழும்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அடிப்பவர் நிற்கும் பேட்டர்ஸ் பாக்ஸை மட்டப்படுத்தக் கையில் வாருகோலுடன் போனேன். பின்கால் இருந்த இடத்தில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு குழி. முன்கால் ஊன்றிய இடத்தில் ஷூவின் முள் பட்ட தடம்கூட மங்கலாகத்தான் இருந்தது. அன்று பன்னிரண்டு பிள்ளைகள் அடித்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே பாடத்தை ஓதிய என் கைங்கரியம் அந்த மண்ணில் எழுதியிருந்தது.

சிறந்த ஆட்டக்காரர்கள் பந்தைத் தொடும் நொடியில் எடுத்த படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் பின்கால் நுனி மட்டும் தரையை உரசிக்கொண்டிருக்கும். 521 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்ற அடி) அடித்த ஃபிராங்க் தாமஸின் பின்கால் தரையைவிட்டு எழும்பியே விடும். பாதம் திரும்புவது இடுப்பு இழுப்பதால் நேரும் விளைவு. அதைக் காரணமாக்கிக் கற்பித்ததுதான் எங்கள் பிழை. இப்போது நான் சொல்வது வேறு: "பின் முழங்கால் முன் முழங்காலைத் தேடிப் போகட்டும், அடித்து முடித்ததும் பின் குதிகால் வானத்தைப் பார்க்கட்டும்." பயிற்சி முடிந்ததும் நீங்களும் ஒருமுறை மண்ணைக் குனிந்து பாருங்கள். முன்கால் தடம் ஆழமாகவும் பின்காலின் இடத்தில் முன்னோக்கி இழுபட்ட கோடும் இருந்தால் கவலை இல்லை.

கேள்வி: என் ஒன்பது வயது மகள், அவள் அப்பாவுடன் ஹோசே பாடிஸ்டாவின் பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, அவரைப் போலவே முன்காலை உயரத் தூக்கி அடிக்கிறாள். தடுக்கலாமா?
*– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, டொரண்டோ*

பதில்: உடனே தடுக்க வேண்டாம். காலைத் தூக்குவது வலிமைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பிட்சரின் அசைவோடு தன் உடம்பின் தாளத்தைச் சேர்த்துக்கொள்வதே அதன் முதல் பயன். பாடிஸ்டா ப்ளூ ஜேஸ் அணிக்காக 2010இல் 54 ஹோம் ரன் அடித்ததற்குப் பின்னால், முன்னதாகவே அசைவைத் தொடங்கக் கற்றுக்கொண்டது ஒரு முக்கியக் காரணம். ஜப்பானின் சதாஹாரு ஓ 1962இல் பயிற்சியாளர் அராகாவாவின் வழிகாட்டலில் ஒற்றைக்காலில் நின்று அடிக்கத் தொடங்கி, மொத்தம் 868 ஹோம் ரன் குவித்தார். அப்போது அவருக்கு வயது 22 என்பதையும், தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டிப் பழகும் அளவுக்குச் சமநிலைக்காக உழைத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொரு பக்கம், ஷோஹெய் ஓதானி 2018இல் அமெரிக்கா வந்ததும் காலைத் தூக்குவதை விட்டுவிட்டு நுனிவிரலை மட்டும் தட்டி அடித்தார். அந்த முதல் ஆண்டிலேயே 22 ஹோம் ரன்.

உங்கள் மகளுக்கு ஒரு சின்னச் சோதனை வையுங்கள். பாண்டி ஆடும்போது ஒற்றைக்காலில் நின்று சில்லைக் குனிந்து எடுப்போமே, அதைப் போலப் பின்காலில் மட்டும் நின்று, ஆடாமல் ஐந்து எண்ணட்டும். நிற்க முடிந்தால், தூக்கிய கால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறங்குகிறதா என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். இறங்கும் இடம் மாறினால், முழங்கால் உயரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுவதும் பிடுங்கிவிட்டால் ஆட்டத்தின் மீதுள்ள ஆசையும் சேர்ந்து போய்விடக்கூடும்.

கேள்வி: பந்து வரும்போது என் மகனின் முன்கால் பிளேட்டைவிட்டு விலகிப் போகிறது. எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை.
*– ஒரு வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா*

பதில்: கால் விலகுவது பெரும்பாலும் பயத்தினால். குதிகால்களுக்குப் பின்னால் தரையில் இன்னொரு பேட்டைக் கிடத்தி, அதன்மேல் மிதிக்காமல் எட்டு வைக்கப் பழக்குவது வழக்கம். ஆனால் பயம் தீராமல் இது மட்டும் உதவாது. சில வாரங்கள் டென்னிஸ் பந்தைப் போட்டு ஆடுங்கள். தன்மேல் வரும் பந்துக்கு முன் தோளை உள்நோக்கித் திருப்பி, முதுகைக் காட்டித் தலையைத் தாழ்த்திக்கொள்ளவும் அந்த டென்னிஸ் பந்தாலேயே கற்றுக்கொடுங்கள். எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரிந்த பிள்ளை நின்று ஆடும். பேட்டின் எடையையும் ஒருமுறை பாருங்கள். அதை ஒரே கையில் பிடித்துத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, இருபது எண்ணும்வரை அவனால் தாங்க முடியாவிட்டால் அது அவனுக்குக் கனமான பேட். அதை வீசுவதற்காகவே உடம்பைச் சாய்த்துக் காலை விலக்குகிறான் என்று கொள்ளலாம்.