இரண்டு வயதில் தத்தெடுக்கும் குழந்தை நம்மிடம் ஒட்டுமா?

கேள்வி: இல்லத்தில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தையைத் தத்தெடுக்க இருக்கிறோம். இதுவரை கிடைக்காத பாசம் பின்னாளில் அதன் குணத்தைப் பாதிக்குமா?

நிச்சயம் ஒட்டும். ஆனால் எது சீக்கிரம் தேறும், எது இழுத்தடிக்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

ருமேனியாவில் 1966-இல் கருக்கலைப்பு தடை செய்யப்பட்டது. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பின்னர் நெல்சன், ஃபாக்ஸ், ஜீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்து 6 முதல் 31 மாத வயதுள்ள 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். 42 மாத வயதில், குடும்பங்களுக்குப் போன குழந்தைகளில் ஏறக்குறைய 49 சதவீதத்தினரிடம் பாதுகாப்பான பிணைப்பு (பயந்தாலோ வலித்தாலோ வளர்ப்பவரைத் தேடிப் போய் ஆறுதல் அடைவது) தெரிந்தது. மறுபாதியில் 18 சதவீதம்தான். சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளிலேயே அது 65 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 24 மாதத்துக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள்.

குடும்பத்துக்குப் போனதும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கவனச்சிதறல் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஆகவே பள்ளியில் பிள்ளை ஓரிடத்தில் உட்காராவிட்டால் உங்கள் வளர்ப்பில் குறை என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள்.

பலர் தவறாகப் படிக்கும் அறிகுறி ஒன்று உண்டு. வந்த மறுநாளே எல்லோர் இடுப்பிலும் ஏறிக்கொள்ளும், யார் கூப்பிட்டாலும் போகும், அழவே அழாது. 'எவ்வளவு சமத்து!' என்று சொந்தக்காரர்கள் கொஞ்சுவார்கள். இல்லத்தில் ஆயாக்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார்கள். அழுதாலும் அதே முகம் வராது என்றால், குழந்தை அழுவதை விட்டுவிடும். அருகில் வருபவர் எவரையும் பிடித்துக்கொள்ளும். அதைப் பிணைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கீழே விழுந்து அடிபட்டால் உங்களைத் தேடி வருகிறதா, நீங்கள் தூக்கியதும் அடங்குகிறதா? அதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் மூன்று மாதமாவது சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டுமே. தாத்தா பாட்டி கூட இருக்கட்டும், விளையாடட்டும். பசிக்கும் அழுகைக்கும் உங்கள் கைதான். விழுந்தும் அழாமல் எழுந்து போனால், 'வலிக்குதா கண்ணா?' என்று நீங்களே ஓடிப்போய்த் தூக்குங்கள். அழுகையை யாரிடம் கொண்டுவருவது என்று அது கற்பது அப்படித்தான். அதற்குத் தெரியாமல் நழுவி வெளியே போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும், திரும்பி வந்ததும் முதலில் தூக்குங்கள். பழைய பெயரையும் இல்லத்துப் போர்வையையும் உடனே மாற்ற வேண்டாம். போர்வையைத் துவைக்கவும் வேண்டாம், அந்த வாசனை அதற்குப் பழகியது.

சில வாரங்களில் திடீரென்று உங்கள் சேலையையோ சட்டையையோ விடாமல் பிடித்துக்கொண்டு, நீங்கள் குளியலறைக்குப் போனால்கூட வீறிட்டு அழ ஆரம்பிக்கலாம். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க' என்பார்கள். காதில் வாங்காதீர்கள், நீங்கள் காத்திருந்த மாற்றம் அது. ஆறு மாதம் கழித்தும் அறிமுகமில்லாதவரோடு திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். காதுப் பரிசோதனையை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல் வந்த முதல் மாதமே செய்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் கேட்கவில்லையா, கூப்பிட்டுப் பழக்கமில்லையா என்று பார்வையில் பிரித்தறிய முடியாது.