ஆயாவின் நினைவு நாளில் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் ஆயா (பாட்டி) தவறி வருஷம் ஆகப்போகிறது. சபையில் பல காலம் ஊழியம் செய்தவர். நினைவு ஆராதனையில் என்னை ஐந்து நிமிஷம் பேசச் சொல்கிறார்கள், நினைவு மடலும் அச்சிட வேண்டும். எழுத உட்கார்ந்தால் "அன்பானவர், பக்தியுள்ளவர்" என்பதைத் தாண்டி வரவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது, பெரியவர்களோ தமிழில் கேட்க ஆசைப்படுகிறார்கள்.
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்குப் பாசத்தில் குறையில்லை, கையில் தகவல்தான் இல்லை. ஒரு வாரம் பேனாவைத் தொடாமல் விசாரியுங்கள். அவரோடு சபை அடுப்படியில் நின்றவர், அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவர், நோயில் கிடந்தபோது அவர் வந்து ஜெபித்த வீட்டார் என்று மூன்று பேர் போதும். "ஆயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்பார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். "ஞாயிறு காலை எத்தனை மணிக்கு வருவார், வந்ததும் முதலில் எதைத் தொடுவார்? சபை விருந்துக்குப் பிரியாணி என்றால் அரிசியை யார் அளப்பார்? யாருக்கும் சொல்லாமல் யார் வீட்டுக்குச் சாப்பாடு போனது?" என்று கேளுங்கள். அனுமதி வாங்கி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்தது 1950இல். அதன் பேரில் டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கிளப்பி சாட்ஸ்வர்த்தில் குடியேற்றினார்கள். உங்கள் குடும்பமும் அப்படி வந்ததென்றால் அதை விட்டுவிடாதீர்கள். புது யூனிட்டில் (சாட்ஸ்வர்த்தின் குடியிருப்புப் பிரிவில்) முதல் ஜெபக்கூட்டம் யார் வீட்டு முன்னறையில் நடந்தது, உட்காரப் பாய் யார் கொடுத்தார் என்று கேளுங்கள். இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து வந்த மூதாதையரின் ஒப்பந்த எண் பழைய காகிதத்தில் இருந்தால், கப்பல் பட்டியலில் அவர் பெயர், வயது, ஊர் கிடைக்கலாம். ஆனால் மடலில் அதற்கு ஒரு வரி போதும், அன்றைய நாள் ஆயாவுடையது.

தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். அடையாள அட்டையின் 13 இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த வருஷம், மாதம், நாள். அதை ஞானஸ்நானப் பதிவேட்டோடும், ஆயாவின் வேதாகமத்து முதல் பக்கத்தில் எழுதியிருப்பதோடும் ஒப்பிடுங்கள். பிறப்பைத் தாமதமாகப் பதிந்திருந்தால் தேதி மாறும். அப்போது வீட்டில் கொண்டாடிய தேதியையே அச்சிடுங்கள்.

பேச்சைப் பிறப்பிலிருந்து தொடங்காமல், அந்த ஞாயிறு காலையிலிருந்து தொடங்குங்கள். வகித்த பொறுப்புகளுக்கு ஒரு வாக்கியம், கடைசி நோய்க்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். தமிழை நிதானமாக வாசித்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 80 சொல்தான் போகும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகி இரு தரப்பும் களைத்துவிடும். அதனால் பேச்சை ஆங்கிலத்தில் வைத்து, ஆயா வாயால் சொன்ன வார்த்தைகளையும் முடிவில் நாலைந்து வரியையும் தமிழிலேயே சொல்லுங்கள். மடலில் முழுவதும் இரு மொழியிலும் இருக்கட்டும்.

பேரன் பேத்திகளின் பெயர் வரிசை மடலில் மட்டும் வரட்டும். மேடையில் வாசிக்கும்போது ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த மனக்கசப்பு ஆறாது. ஆயாவுக்கு முன்பே இறந்த பிள்ளை இருந்தால் அந்தப் பெயரும் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும், அது தாராளம். வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கிவிடுவதால் அச்சில் மங்கும். பழைய சிறு புகைப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத அச்சகத்தில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், எனவே வேர்டு கோப்பாகக் கொடுக்காமல், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பாகக் கொடுங்கள். மாதிரிப் படியைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பார்க்கட்டும்.

பேச்சை 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு புறத்தில் மட்டும் அச்சிடுங்கள். இன்னொரு பிரதி உங்கள் தம்பி தங்கை யாரிடமாவது இருக்கட்டும். தொண்டை அடைத்தால் விட்ட இடத்திலிருந்து அவர் எழுந்து வாசிப்பார்.