ரப்பர் பாலும் ஏத்தன்பழமும்

கேள்வி: எனக்கு 23 வயது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் வசிக்கிறேன். நண்பர்களோடு எடுக்கும் குறும்படத்துக்காக வீட்டிலேயே ஓர் அரக்கன் உடை செய்துகொண்டிருக்கிறேன். ஃபோமை வெட்டி ஒட்டி, மேலே அமோனியா கலந்த ரப்பர் பாலைப் பல பூச்சுகள் பூசி, காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பவுடர் தூவுகிறேன். பால் கையில் பட்ட சில நிமிடங்களில் மணிக்கட்டு தடித்து அரிக்கிறது. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. பவுடர் தூவும்போது தும்மல் வருகிறது. கடையில் வாங்கிய அரிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறேன். உடையை அணிந்து அரை மணி நேரம் நடந்தபோது தலை சுற்றியது. எனக்கு அமோனியா ஒத்துக்கொள்ளவில்லையா? (ஏத்தன்பழம் சாப்பிட்டால் சிறுவயது முதலே வாய் அரிக்கும். அது வேறு விஷயம்.) அடுத்த மாதம் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் இது சரியாகிவிடுமா?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது வேறு விஷயம் அல்ல.

பால் உறையாமலிருக்க அமோனியா சேர்க்கிறார்கள். அது கண்ணை எரிக்கும், மூக்கைத் துளைக்கும், தோலில் நெடுநேரம் இருந்தால் புண்ணாக்கவும் செய்யும். ஆனால் பட்ட சில நிமிடங்களில் தடித்து, ஒரு மணி நேரத்தில் சுவடின்றி மறைவது எரிச்சலின் குணம் இல்லை, ஒவ்வாமையின் குணம். ரப்பர் பாலில் ரப்பரும் தண்ணீரும் போக, நூற்றில் ஓரிரு பங்கு புரதம் இருக்கிறது. அந்தப் புரதங்களில் சிலவற்றின் சாயல் வாழை (உங்கள் ஏத்தன்பழமும் வாழைதான்), அவகாடோ, கிவி, பப்பாளி ஆகியவற்றின் புரதங்களிலும் உண்டு. ஒன்றை எதிரியாக எண்ணப் பழகிய உடல் மற்றதையும் அப்படியே நடத்துகிறது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள 100 பேரில் 30 முதல் 50 பேருக்குச் சில பழங்களும் ஒத்துக்கொள்வதில்லை. நீங்களும் அவர்களில் ஒருவர் என்றே சந்தேகிக்கிறேன்.

தும்மல் வெறும் தூசியால் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் ரப்பர் புரதம் பவுடர் துகளில் ஏறிக்கொண்டு காற்றில் மிதக்கும், மூச்சோடு உள்ளே போகும். பவுடர் பூசிய மருத்துவக் கையுறைகளை 2017 ஜனவரியில் அமெரிக்கா தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று தும்மலாக இருப்பது பிறகொரு நாள் மூச்சிளைப்பாக மாறலாம். மிகச் சிலருக்கு உதடும் நாக்கும் வீங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்படி நேர்ந்தால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.

ஆகவே பூச்சு வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எத்தனை நாள் உழைத்திருப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஒவ்வாமை மருத்துவரிடம் சென்றால் இரத்தத்தில் ரப்பர் பாலுக்கு எதிரான ஐஜிஈ (ஒவ்வாமையில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பார். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. பூசிய பகுதியை நண்பர்களிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த உடையைச் சிலிக்கோனிலோ, ஈவிஏ என்னும் செயற்கை ஃபோமில் வெறும் வண்ணம் தீட்டியோ செய்யலாம். கையுறை வேண்டுமென்றால் ரப்பர் பால் கலக்காத நைட்ரைல் கையுறை வாங்குங்கள். மெல்லிய ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு ரப்பர் பாலைத் தொடுவதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆணுறை, பலூன் விஷயத்திலும் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது அந்த மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. பெனிரமைன், குளோர்பெனிரமைன் போன்ற பழைய ரக மாத்திரையாக இருந்தால் அது தூக்கத்தைத் தருவதோடு வியர்வையையும் குறைக்கும். ஃபோமுக்கும் ரப்பருக்கும் உள்ளே நிற்பவருக்கு வியர்வைதான் ஒரே துணை. அதுவும் ஆவியாகிப் பறந்தால்தான் சூட்டைக் கொண்டுபோகும். உங்கள் ஊரின் ஈரக்காற்றில், காற்றே புகாத உடைக்குள் அது வழிந்து வீணாகிறது. அந்த வியர்வையையும் மாத்திரை தடுத்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

1954-இல் ஜப்பானில் கோட்சில்லா என்ற திரைப்பட அரக்கனுக்காகச் செய்த முதல் உடை ஏறத்தாழ 100 கிலோ. அதற்குள் இருந்த நடிகர் ஹாருவோ நகாஜிமாவால் அதிக தூரம் நடக்க முடியாததால், எடை குறைந்த இன்னொன்றைச் செய்தார்கள். உடலுக்காக உடையை மாற்றிய அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்களும் தலைப்பகுதியைத் தனியாக, ஒரே இழுப்பில் கழற்றும்படி செய்யுங்கள். முதுகு திறக்கும் ஜிப்பை வெளியிலிருந்து ஒருவர் திறக்க வேண்டும். படப்பிடிப்பு முழுவதும் அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு தலையைக் கழற்றி, விசிறிக்கு முன் உட்கார்ந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். உள்ளே இருப்பவர் உளறினாலோ தள்ளாடினாலோ வெப்பத்தாக்கு என்றே எண்ணி உடையை உடனே கிழித்தாவது கழற்றுங்கள். உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஃபோம் ஒட்டும் பசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பல பசைகளில் டொலுயீனோ ஹெக்ஸேனோ, எளிதில் ஆவியாகும் கரைப்பானாக, இருக்கும். மூடிய அறையில் நாள்தோறும் முகர்ந்தால் ஹெக்ஸேன் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். துணி முகக்கவசமோ என்95-ஓ அந்த ஆவியைத் தடுக்காது. மொட்டைமாடியிலோ முற்றத்திலோ ஒட்டுங்கள். ஆவி தரையோடு படர்ந்துபோய்த் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒவ்வாமை அடுத்த மாதத்துக்குள் சரியாகிவிடாது. பல் எடுக்கும்போது மருத்துவரின் கையுறை உங்கள் வாய்க்குள்ளேயே நெடுநேரம் இருக்கும். ஈரமான வாயின் உட்தோல் வழியாக ரப்பர் புரதம் எளிதில் உடலுக்குள் போகும். எனவே நேரம் குறிக்கும்போதே தொலைபேசியில் சொல்லுங்கள்: “எனக்கு ரப்பர் பால் ஒவ்வாமை இருக்கலாம், நைட்ரைல் கையுறை வேண்டும்.” நாற்காலியில் உட்கார்ந்ததும், வாயைத் திறப்பதற்கு முன், இன்னொரு முறை சொல்லுங்கள்.