வாசகர் கேள்வி–பதில்: கடலோர வெயிலும் ரயில் நிலையக் கூரையும்

கேள்வி: எங்கள் புறநகர் ரயில் நிலையத்தின் நடைமேடைக்குத் தகடு வேய்ந்து கூரை போட்டிருக்கிறார்கள். ஆனாலும் மே மாதப் பிற்பகலில் அதன் கீழே நிற்க முடியவில்லை. வெளியே பூவரச மரத்தடியில் நிற்பதே மேல் என்று தோன்றுகிறது. இரண்டும் நிழல்தானே, ஏன் இந்த வேறுபாடு?
— திருவொற்றியூர் வாசகி

பதில்: நீங்கள் உணர்ந்தது முற்றிலும் சரி. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதோடு நம் உடல் உணரும் வெப்பம் நின்றுவிடுவதில்லை; சுற்றியுள்ள பரப்புகள் நம்மீது வீசும் வெப்பக் கதிர்வீச்சு, காற்றிலுள்ள ஈரம், காற்றின் வேகம் ஆகியவையும் அதனோடு சேர்கின்றன. உச்சி வெயிலில் ஒற்றைத் தகட்டுக் கூரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறக்கூடும். தகடு மெல்லியது என்பதால் மேற்புறச் சூடு உடனே அடிப்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. காய்ந்த தோசைக்கல்லைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தது போன்ற நிலைதான் அது. மர இலைகளோ, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கின்றன. தகடு வெளிச்சத்தை மறைத்துவிட்டு வெப்பத்தை அனுப்புகிறது. மரம் இரண்டையும் தடுக்கிறது.

இதற்குத் தீர்வு எளிது, செலவும் மிகப் பெரிதன்று. தகட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு இரண்டாவது அடுக்கு ஒன்றை அமைத்து, இடையில் சூடேறும் காற்று கூரை முகட்டின் வழியாக வெளியேறத் திறப்பு வைத்தால், பயணியின் தலைக்கு மேலிருக்கும் பரப்பு பெருமளவு குளிர்ந்துவிடும். மேற்புறத்தில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சும் உதவும். ஆனால் கன்டெய்னர் லாரிகளின் புகையும் தூசியும் கடல் உப்பும் ஓயாமல் படியும் வடசென்னையில், அந்தப் பூச்சைக் கழுவிப் பராமரிக்காவிட்டால் அதன் பயன் விரைவில் குறைந்துவிடும் என்பதை ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் பாதை பெரும்பாலும் கடலோரத்தை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடுவதால், நடைமேடைகளின் நீண்ட பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. மே மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது 4 மீட்டர் உயரமுள்ள கூரையின் மேற்கு விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ 6 மீட்டர் தூரம் வெயில் உள்ளே நுழைகிறது. நடைமேடையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். அந்த வேளையில் எஃகு இருக்கைகள் ஆளின்றிக் கிடப்பதையும், நடைமேம்பாலத்தின் நிழல் விழும் பட்டையில் மட்டும் மக்கள் நெருக்கியடித்து நிற்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரையை வரைபடத்தில் நடுப்பகல் நிழலை மட்டும் வைத்து வரைந்ததன் விளைவு இது. மேற்குப் புறம் தண்டவாளம் இல்லாத நடைமேடையில், பின்பக்கத்தில் சாய்வுப் பலகைகள் கொண்ட தடுப்பு வைத்தால், வெயில் நிற்கும், காற்று நுழையும். இருபுறமும் தண்டவாளம் உள்ள நடைமேடையில், ரயிலுக்கும் 25,000 வோல்ட் மின்கம்பிக்கும் விட வேண்டிய இடைவெளியைக் காத்து, கூரை விளிம்பை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துவதுதான் வழி.

கேள்வி: வடநாட்டில் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து மக்கள் கூடும் இடங்களைக் குளிர்விக்கிறார்களே, நம் நிலையங்களில் ஏன் அப்படிச் செய்வதில்லை?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி பிறக்கிறது. 42 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட காற்றை, கொள்கை அளவில், சுமார் 22 டிகிரி வரை இவ்வாறு குளிர்விக்கலாம். ஆனால் 35 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள நம் கடலோரக் காற்றை, எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும், சுமார் 29 டிகிரிக்குக் கீழே இறக்க இயலாது. உடலின் வியர்வை உலர்வதும் கூடுதல் ஈரத்தால் தடைபடும். இங்கே மின்விசிறியே சிறந்தது. அதிலும், மெதுவாகச் சுழன்று அகன்ற பரப்புக்குக் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி, உயரத்தில் தொங்கிக்கொண்டு தனக்கு நேர் கீழே நிற்பவர்களுக்கு மட்டும் பயன்படும் சிறிய விசிறிகளைவிட மேலானது.

கேள்வி: சுரங்க மெட்ரோ நிலையங்கள் குளுகுளுவென்று இருக்கின்றன. துபாயில் மேம்பால நிலையங்களையும் மூடிக் குளிரூட்டியிருக்கிறார்கள். புறநகர் நிலையங்களையும் அப்படிச் செய்துவிட்டால் என்ன?
— கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: 2009இல் தொடங்கிய துபாய் மெட்ரோவில் நடைமேடை விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன, ரயிலின் கதவும் அந்தக் கதவும் நேருக்கு நேர் நின்ற பிறகே இரண்டும் திறக்கும். ஒரே வகை ரயில்கள் மட்டும் ஓடும் தடத்தில்தான் அது கைகூடும். நம் புறநகர்ப் பாதைகளிலோ மின்தொடர் வண்டி, விரைவு வண்டி, சரக்கு வண்டி என்று பலவும் ஓடுகின்றன. பன்னிரண்டு பெட்டி வண்டிக்கான நடைமேடையே கால் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதை மூடிக் குளிரூட்டுவதைவிட, கடல் இலவசமாகத் தருவதைத் தடுக்காமலிருப்பது அறிவுடைமை.

கடற்காற்று பெரும்பாலான கோடை நாட்களில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து வந்துவிடுகிறது. மேலைக்காற்று வலுத்து அதைத் தாமதப்படுத்தும் நாட்களில்தான் சென்னையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆகவே நடைமேடையின் கிழக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். அங்கேதான் விளம்பரப் பலகை, கடை, பொருள் வைப்பறை என்று வரிசையாகச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வடகிழக்குப் பருவமழையும் கிழக்கிலிருந்தே அடித்துப் பெய்வதால், முழுவதுமாகத் திறந்து விடவும் முடியாது. ஆளுயரத்துக்கு மேல் வெளிப்பக்கம் சாய்ந்த பலகைகளும், கீழே திறந்த கம்பி வேலியும் இருந்தால், சாரல் பெரும்பாலும் தடைபடும், காற்று தாராளமாக வரும்.

கேள்வி: 1856இல் கட்டிய இராயபுரம் நிலையத்தில் மின்விசிறியே இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?
— இராயபுரம் மாணவி

பதில்: அந்த ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் உயரமான தூண்கள், ஓங்கிய மேல்தளம், தடித்த சுவர் ஆகியவற்றையே நம்பியிருந்தார்கள். சூடான காற்று மேலே போய்விடும். தடித்த சுவர் மெதுவாகவே சூடேறும். ஆயினும் அந்தச் சுவரை இன்றைய நடைமேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தை அது இரவில் வெளிவிடும். மேலும், பத்து நிமிடம் நின்று வண்டி பிடிப்பவருக்குத் தேவை நிழலும் காற்றோட்டமுமே. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உயரத்தை. அதையும் மேற்கு வெயிலுக்குத் தடுப்பு வைத்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உயர்த்திய ஒவ்வொரு மீட்டருக்கும் நான்கு மணி வெயில் ஒன்றரை மீட்டர் கூடுதலாக உள்ளே வரும்.