மரை தேய்கிறது

அன்புள்ள ஐயா,

மந்திரவாதி சுங் லிங் சூவைப் பற்றி ஒரு நகைச்சுவைத் த்ரில்லர் நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேடையில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் அவர் சாகிறார். துப்பாக்கியின் ரகசியத்தைக் கடைசிக் காட்சிவரை மறைத்து வைத்திருக்கிறேன். சாவில் முடியும் கதையில் சிரிப்பு எடுபடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சிரிப்பு எடுபடும். சூ என்பவர் உண்மையில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், சீனராக வேடம் கட்டி, நிருபர்களிடம்கூட மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசியவர். 1905இல் லண்டனில் அசல் சீன மந்திரவாதியான சிங் லிங் ஃபூ இந்தப் போலியைப் போட்டிக்கு அழைத்தார். குறித்த நாளில் போலி வந்தார், அசல் வரவில்லை. சிரிப்பு அந்த வேடத்தின்மேல் விழட்டும், சீனர்கள்மேல் விழ வேண்டாம். இதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ரகசியத்தை மறைப்பதுதான் த்ரில் என்று உங்களுக்கு யார் சொன்னது? எல்லாரும் செய்யும் தப்பு இது. கடைசியில் அவிழ்த்தால் "ஓ, அப்படியா" என்பார்கள், அவ்வளவுதான். முதல் காட்சியிலேயே துப்பாக்கியைப் பிரித்துக் காட்டுங்கள்.

அது குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. பார்வையாளர் அடையாளமிட்ட குண்டு வழியிலேயே மாற்றப்பட்டுவிடும். மாற்றுக் குண்டும் மருந்தும் மேல் குழலுக்குள் போகும், ஆனால் அங்கே தீ போகாது. கெட்டிக்கும் கோலைச் செருகி வைக்கும் கீழ்க்குழலில் வெறும் மருந்து இருக்கும். தீப்பொறி அதற்குத்தான் போகும். சத்தம், புகை எல்லாம் அங்கிருந்துதான்.

ஆட்டம் முடிந்தபின் மேல் குழலைச் சுட்டுக் காலி செய்ய வேண்டும், அல்லது திருகுக் கம்பியால் குண்டை இழுக்க வேண்டும். சூ மருந்தையும் குண்டையும் மிச்சப்படுத்தினார். பின்பக்க அடைப்பைத் திருகிக் கழற்றி எடுக்கச் செய்தார். ஒவ்வோர் இரவும் கழற்றி மாட்டியதில் அடைப்பின் மரை, அதாவது திருகுப் பள்ளம், தேய்ந்தது, எரியாத மருந்துத்தூள் சந்துகளில் படிந்தது. 1918 மார்ச் 23, லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் தீப்பொறி அந்தத் தூள்வழியே மேல் குழலுக்குப் போய்விட்டது. மறுநாள் இறந்தார்.

உங்கள் நாடகம் அந்த மரையில் இருக்கிறது, எஸ். இரண்டு உதவியாளர்கள் சம்பளத் தகராறு பேசிக்கொண்டே அடைப்பைத் திருகட்டும். முதல் காட்சியில் ஆறு சுற்றில் இறுகுகிறது. அடுத்ததில் ஐந்து. பிறகு நான்கு, கொஞ்சம் ஆட்டம். அவர்கள் பேச்சுக்குச் சபை சிரிக்கும், கண் மட்டும் திருகும் கையில் இருக்கும்.

துப்பாக்கி மரத்தில் செய்ததாக இருக்கட்டும். வெற்றுத் தோட்டாவும் வேண்டாம். கிட்டத்தில் அதன் வாயுவும் அதற்குள் திணித்த தக்கையும் ஆளைக் கொல்லும். சத்தம் ஒலிபெருக்கியில் வரட்டும். சத்தத்தையும் மின்னலையும் ஒரே ஆள் இயக்கட்டும். இருவரிடம் கொடுத்தால் ஒருநாள் நடிகர் விழுந்த பிறகு சத்தம் வரும், சபை தப்பான இடத்தில் சிரிக்கும்.

விழுந்ததும் சூ மேடையில் முதல்முறையாக ஆங்கிலத்தில் பேசினார், திரையை இறக்கச் சொல்லி. அதை நடிகர் மெதுவாகச் சொன்னால் போதும். திரை இழுப்பவர் அவசரப்பட வேண்டாம். சீனரிடமிருந்து வந்த ஆங்கிலத்துக்குச் சபையில் சிரிப்பு கிளம்பும். அது பாதியில் அடங்கும்வரை அவர் கயிற்றைத் தொடக் கூடாது.